மாமியாருக்கு ஓர் இடம்

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அதனால் சரியாகப் பேச முடியவில்லை. உன் புது நாடகத்தில் ஒரு மணி நேரமும் மேடையில் நீ ஒருத்திதான், மாமியார் பேசுகிற பகுதியை மட்டும் பதிவு செய்து ஸ்பீக்கரில் விட்டுவிடலாமா என்றாய். எனக்கு அது பிடிக்கவில்லை.

கேரளாவில் இரிஞ்ஞாலக்குடையில் அப்பாவும் நானும் நங்ஙியார் கூத்து பார்த்தோமே, ஒரு பெண் தனியாகவே கதை முழுவதையும் நடித்துக் காட்டும் கூத்து, சொல்லியிருக்கிறேனா? பூதனை கதை. ஒரு முக்காலி, ஒரு குத்துவிளக்கு, ஒரு பெண், அவ்வளவுதான். குழந்தைக்கு ஒரு பொம்மைகூடக் கிடையாது. விளக்கில் மூன்று திரி. இரண்டு அவளைப் பார்த்து எரியும், ஒன்று நம்மைப் பார்த்து. கொல்ல வந்தவள் கண்ணனை மடியில் போட்டதும் கொஞ்ச ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் கம்சன் ஞாபகம் வந்து முகம் இறுகியது. அடுத்த நொடி அவளே பால் குடிக்கும் குழந்தை, மறுநொடி உயிர் போகும் பூதனை. உடையும் மாறவில்லை, முகச்சாயமும் மாறவில்லை. கண் அண்ணாந்தால் பிள்ளை, குனிந்தால் தாய். இப்படி ஒருவரே ஆள் மாறி ஆடுவதற்கு அங்கே பகர்ந்நாட்டம் என்று பெயர்.

பின்னால் மிழாவு என்கிற மேளம், செம்புப் பானையில் தோல் கட்டியது. வாசிப்பவருக்குத் தெரிவது அவளுடைய முதுகுதான். ஆனாலும் ஓர் அடி பிசகவில்லை. உனக்கு லைட் போடும் பையனை முதல் ஒத்திகையிலிருந்தே கூட்டி வந்து உட்கார வை.

சிலப்பதிகாரத்திலும் ஒருவர் இருக்கிறார், செங்குட்டுவன் முன்னால் ஆடுகிற பறையூர்ச் சாக்கையன். பாதி சிவன், பாதி உமை. சிவன் பக்கம் சிலம்பு ஒலிக்கும், உமை பக்கம் கைவளை அசையாது. ஒரே உடம்பு! பாடம் நடத்தும்போது இதெல்லாம் கவிஞர் மிகைப்படுத்துவது என்றுதான் நினைத்திருந்தேன். பூதனையைப் பார்த்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

அதனால் ஸ்பீக்கர் வேண்டாம். மாமியாருக்கு ஓர் இடம் குறித்துக்கொள், நாற்காலிக்கு இடப்பக்கம், உன் தலைக்கு ஒரு சாண் மேலே. அவர் பேசும்போது நீ கேட்டுக்கொண்டு நின்றால் போதும், அவர் என்ன சொல்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். உன் பாட்டி பேசும்போது நான் எப்படி நிற்பேன் என்று பார்த்து வளர்ந்தவள்தானே நீ.

ஞாயிறு காலை ரயிலில் வருகிறோம். அப்பாவுக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை, கடைசி வரிசையில் ஓரமாக இரண்டு சீட் சொல்லி வை.

அம்மா