கெட்டுப்போன சால்வென்ட் குறித்தும், கையால் கசடு அள்ளுவதை நிறுத்தக் கோரியும் மனு

அனுப்புநர்:
ஒப்பந்தத் தொழிலாளர்கள், சால்வென்ட் பிரிவு,
யுரேனிய ஆலை, எரோங்கோ, நமீபியா.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தமிழிலேயே எழுதலாம் என்று தாங்கள் சொன்னதால் எழுதுகிறோம். முந்தைய மனுக்களுக்குப் பதில் இல்லை. ஸ்வகோப்முண்டிலிருந்து வரும் பாலைவனச் சாலையும் ஆலையும் தாங்கள் பார்த்தவைதான், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

1. கந்தக அமிலத்தில் கரைத்த தாதுக் கரைசலிலிருந்து யுரேனியத்தைப் பிரிப்பது மண்ணெண்ணெயில் கலந்த அமீன் என்ற ரசாயனம். கூடவே ஐசோடெக்கனால் என்ற ஆல்கஹாலும் சேர்ப்பார்கள். இந்தக் கலவையைத்தான் சால்வென்ட் என்கிறோம்.

2. அந்த அமீன் கெட்டுவிட்டது. கரைசலில் ஆக்சிஜனேற்றும் தன்மை கூடினால், அதிலும் வனேடியம் என்ற உலோகம் இருந்தால், அமீன் உடையும், ஐசோடெக்கனால் அமிலமாகும். அப்புறம் எண்ணெயும் நீரும் லேசில் பிரியாது. லேப்காரர்களுக்குத் தெரியாத சங்கதியா இது?

3. பிரியாத இடத்தில் சிலிக்காவும் தூசியும் சேர்ந்து, கெட்டித் தயிர் மாதிரி கசடு மிதக்கிறது. அதை அள்ளுவது நாங்கள், ஐயா. மூடிய டேங்க், குனிந்தால் மண்ணெண்ணெய் ஆவி நேரே மூக்கில் ஏறுகிறது. கொடுத்திருப்பது தூசி மாஸ்க், அது ஆவியைத் தடுக்காது. ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறி உப்பிப் போகிறது, கழற்றிவிட்டு வெறுங்கையால் அள்ளுகிறோம். விரலெல்லாம் வெடிப்பு. ஷிப்ட் முடிந்தால் தலைவலி, வாந்தி. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் வாடை போவதில்லை, சோற்றை வாயில் வைத்தால் அதே வாடை. அன்றைக்கு அள்ளியதை மறுநாள் மறுபடி அள்ளுகிறோம், ஏனென்றால் சால்வென்ட் அதே பழையதுதான்! போன தடவை தாங்கள் வந்தபோது கேன்டீனைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். டேங்க் பக்கம் ஏன் கூட்டிப்போகவில்லை?

4. தீ பயம் வேறு. ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் என்ற சுரங்க ஆலையில் 1999-லும் 2001-லும் சால்வென்ட் பிரிவு எரிந்தது. இங்கே எரிந்த பிறகுதான் வருவீர்களா? கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

5. உற்பத்தி குறைந்தால் திட்டு எங்களுக்கு. களிமண்ணால் சால்வென்ட்டைச் சுத்தம் செய்வதும் புது அமீன் ஊற்றுவதும் எங்கள் கையிலா இருக்கிறது?

ஆகவே கையால் அள்ளுவதை நிறுத்தி, கசடை உறிஞ்ச பம்பு வைக்கச் சொல்லுங்கள். ஆவியைத் தடுக்கும் மாஸ்க்கும் எண்ணெய் தாங்கும் கையுறையும் வேண்டும். சால்வென்ட்டைச் சுத்தம் செய்ய உத்தரவிடுங்கள். தயவுசெய்து ஒருமுறை நைட் ஷிப்டில், சொல்லாமல் வந்து பாருங்கள். டேங்க் பக்கம் வாருங்கள் ஐயா, கேன்டீனுக்கு அல்ல.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சால்வென்ட் பிரிவுத் தொழிலாளர்கள்