கவிதைக்கு ஆட்டம் எதற்கு என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் படித்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஆட்டத்தையும் கவிதை எழுதுவதையும் சேர்த்து நடத்துகிற மூன்று நாள் உண்டு உறைவிட முகாம்களைப் பற்றியது. "எழுதப் பேனா போதாதா, எதற்குக் குதிக்க வேண்டும்? பாரதி என்ன டான்ஸ் ஆடிவிட்டா எழுதினார்?" என்று கேட்டிருந்தார் அந்த அன்பர். வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று முடித்தும் விட்டார். போன பிப்ரவரியில் அப்படி ஒரு முகாமில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தவன் நான். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 63. துறைமுகத்தில் 31 வருஷ வேலை, அதில் பெரும்பகுதி கப்பல் மேல்தளத்தில் சிக்னல்மேன். வீடு தண்டையார்பேட்டையில், வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கம் வராத காலைகளில் கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்து படிக்கப் போய், அப்படியே எழுதவும் ஆரம்பித்தவன். ஐந்தாறு சிற்றிதழ்களில் கவிதைகள் வந்திருக்கின்றன. உங்கள் பத்திரிகை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. (ஒன்றில் இருக்கிறது.)

முகாமுக்குக் கட்டணம் 9,000 ரூபாய். மகள் கட்டினாள். நானாக இருந்தால் கட்டியிருக்க மாட்டேன். "அறுபத்து மூணு வயசுல ஆட்டம் கேக்குதா உங்களுக்கு?" என்றாள் என் மனைவி. மூட்டு வலி மாத்திரையை மறக்காமல் பையில் வைத்ததும் அவள்தான்.

முதல் நாள் சாயங்காலம் எழுந்து வந்துவிடலாமா என்றுகூட இருந்தது. வட்டமாக உட்கார வைத்து அறிமுகம். வந்திருந்த 14 பேரில் முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷில் பேசினார்கள், தமிழ்க் கவிதை முகாமில். அப்புறம் ஸ்பீக்கரில் ஏதோ இசையைப் போட்டுவிட்டு, "உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள்" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. என் உடம்பு வலது மூட்டு வலிக்கிறது என்றது. அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "இதில் உட்கார்ந்தே செய்யுங்க ஐயா, கை போதும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மறுநாளும் இருந்தேன்.

மறுநாள் காலை கொடுத்த வேலை இது: அவரவர் பிழைப்பில் கை அதிகமாகச் செய்த அசைவு ஒன்றைப் பேச்சில்லாமல் செய்து காட்ட வேண்டும். பாதிப் பேர் காற்றில் டைப் அடித்தார்கள். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா விரலை நாக்கில் தொட்டு நோட்டு எண்ணினார், எல்லோரும் சிரித்துவிட்டோம். என் முறை வந்தது. நான் யோசிக்கவே இல்லை. வலது கை தானாக மேலே போனது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிரேன் ஓட்டுகிறவருக்குக் கப்பல் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும் சிக்னல்மேன்தான் அவருக்குக் கண். கையை உயர்த்தி ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சின்ன வட்டம் போட்டால், தூக்கு. கையைத் தாழ்த்தி விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால், இறக்கு. கையை நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்து இப்படியும் அப்படியும் வீசினால், நிறுத்து. 'மெதுவாக' என்பதற்குத்தான் இரண்டு கை வேண்டும். ஒரு கை 'தூக்கு' என்று வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு கை அதற்கு மேலே விரித்தபடி அசையாமல் நிற்கும். ஓடுகிற கைக்கு நிற்கிற கை ஒரு கூரை மாதிரி.

அந்த 'மெதுவாக'வைச் செய்து காட்டினேன். "இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக" என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. செய்தேன். மூன்றாவது தடவை செய்யும்போது கீழே ஆட்கள் அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. ஓய்வு பெற்று வந்த பிறகு ஒரு நாளும் நினைத்துப் பார்க்காத முகங்கள். கை நடுங்கியது. உட்கார்ந்து எழுதுங்கள் என்றார்கள்.

துறைமுகத்தைப் பற்றி நான் ஏற்கெனவே ஒரு கவிதை வைத்திருந்தேன். நாற்பது வரி. அதில் 'வியர்வை முத்துக்கள்' இருந்தன, 'உழைப்பின் உதயம்' இருந்தது, கடலன்னை இருமுறை வந்து போனாள். (நீங்கள் திருப்பி அனுப்பியது இதுதான். இந்த விஷயத்தில் நீங்கள் செய்தது சரி.) அன்று காலை எழுதியது இவ்வளவுதான்:

கீழே ஆள்
மேலே இரும்பு
நடுவில்
என் கை

இது பெரிய கவிதை என்று நான் சொல்ல வரவில்லை. நாற்பது வரியில் வராத ஆள் இதில் வந்து நிற்கிறான். பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு இருபது வருஷம் முயன்றும் அவன் வரவில்லை.

பாரதிக்கு வருகிறேன். அன்பரே, பாரதி கும்மி எழுதியவர். கும்மியை உட்கார்ந்துகொண்டா அடிப்பார்கள்? வட்டமாகச் சுற்றி வந்து, குனிந்து நிமிர்ந்து, கை தட்டுவதற்கென்று இடம் விட்டுக் கட்டிய பாட்டு அது. நம் யாப்பில் இருக்கிற பெயர்களையே பாருங்கள். கவிதையின் வரிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அடி. காலுக்கும் அதுதான் பெயர், கால் எடுத்து வைப்பதற்கும் அதுதான். சீருக்குள் இருப்பது அசை. கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை (தூங்கல் என்றால் இங்கே உறக்கம் இல்லை, அசைந்தாடுவது). மாத்திரை எவ்வளவு நேரம் என்றால், கண் இமைக்கிற நேரம் அல்லது விரல் நொடிக்கிற நேரம் என்கிறது தொல்காப்பியம். கடிகாரம் இல்லாத காலத்தில் அளவுகோலை உடம்பிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். பரதம் ஆடுகிறவர்கள் வாயால் சொல்லும் 'தை தா'வுக்குச் சொற்கட்டு என்றுதான் பெயர். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கவிதைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எப்படி?

இந்த ஊரிலேயே நடந்ததுதான். சிறுகதை எழுதிக்கொண்டிருந்த ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். வார்த்தைக்காரர் ஒருவர் தெருக்கூத்தின் பக்கம் போய், நடிகர்களின் உடம்பைப் பழக்குவதில் வாழ்நாளின் பாதியைச் செலவிட்டார். அவரைப் பொழுதுபோக்குக்காரர் என்று யாரும் சொல்லவில்லை.

முகாமில் எனக்குப் பிடித்த இன்னொரு பயிற்சி நடை. காலை ஆறு மணி, யாரும் யாரோடும் பேசக் கூடாது, நாஷ்டா வரைக்கும். எழுதிய வரிகளை மனசுக்குள் சொல்லிக்கொண்டே மணலில் நடக்க வேண்டும். எங்கே கால் தயங்குகிறதோ அங்கே வரியை முறிக்க வேண்டும். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே ஒரு சொல் கூடுதல் என்று அர்த்தம். நான் தாங்கித் தாங்கி நடக்கிறவன், என் வரிகள் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் வந்தன. அதைச் சரி செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எதற்கு ராத்தங்க வேண்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வரலாமே என்று நானும் கேட்டேன். முதல் நாள் எல்லோருக்கும் உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சம் சாப்பாட்டுப் பந்தியிலும் பாயிலும்தான் போகிறது. வீட்டுக்குப் போனால் கேஸ் சிலிண்டர், கரண்ட் பில், டிவி எல்லாம் தோளில் ஏறிக்கொள்ளும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து. எனக்கு வந்த நல்ல வரிகள் இரண்டாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்குமேல் வந்தவை.

குறையும் சொல்லிவிடுகிறேன். யார் எதைப் படித்தாலும் "வாவ்" என்று கை தட்டினார்கள். இதில் எவனுக்கும் பிரயோஜனம் இல்லை. எங்கள் நூலகத்து வட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார், கவிதையைக் கேட்டுவிட்டு மூக்குப்பொடி போடுவார். இரண்டு தரம் போட்டால் தேறாது என்று அர்த்தம். அப்படி ஒருவர் அங்கே தேவைப்பட்டார். அப்புறம், வடசென்னையிலிருந்து போனவன் நான் ஒருவன்தான். 9,000 ரூபாயும் போக வர வண்டிச் செலவும் என்றால் எங்கள் பக்கம் யார் வருவார்கள்?

திரும்பி வந்ததும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிறு காலையில் எங்கள் பிளாக்கின் மொட்டை மாடியில் ஆரம்பித்தேன். முதல் வாரம் இரண்டு பேர். இப்போது ஏழு. காசிமேட்டில் மீன் வாங்கி வந்து தெருவில் விற்கிற அம்மா ஒருவர், எதிர் பிளாக். எழுதத் தெரியாது. கை அசைவைக் காட்டச் சொன்னேன். இடது கையால் ஈ ஓட்டிக்கொண்டே வலது கையால் தண்ணீர் தெளித்தார், கூடையே இல்லாமல். ஐந்து நிமிஷம் விடாமல் செய்தார். "என்னம்மா தோணுது?" என்றேன். "இன்னா தோணும்? மீனெல்லாம் வித்துட்டேன், வாசனைய எவனும் வாங்கல" என்றார். நான் எழுதிக்கொண்டேன். என் நாலு வரியை அன்றைக்கு யாருக்கும் காட்டவில்லை.

சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிற பையன் ஒருவனும் வருகிறான். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடுகிறவன். ஒரு கை தொடையில் தட்டாமல் அவனுக்கு ஒரு வரி வராது. பாடும்போது முட்டி இரண்டும் தானாக ஆடும். முகாமில் என்னவெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள் என்று முழுசாகக் கேட்டுவிட்டு, "இன்னா அங்கிள், இதுக்கா அவ்ளோ துட்டு குடுத்தீங்க?" என்றான். என்னிடம் பதில் இல்லை. எங்கள் பக்கம் சாவு ஊர்வலத்தில் மேளத்துக்கு ஆடாத ஆம்பளை குறைவு. நானும் என் அப்பாவுக்கு முன்னால் வீட்டிலிருந்து மயானம் வரை ஆடிக்கொண்டுதான் போனேன். அதை எழுதலாம் என்று மட்டும் தோன்றியதில்லை. அந்தப் பையன் எழுதிக்கொண்டிருக்கிறான், வண்டி சிக்னலில் நிற்கும்போதெல்லாம், போனில்.

அதனால் அன்பருக்கு நான் சொல்ல வந்தது: இதை வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு ஆக்கியது ஆட்டம் அல்ல, கட்டணம். பொங்கலுக்குச் சென்னை சங்கமம் நடக்கிறது, பூங்காக்களில் பறையும் ஒயிலும் ஆடுகிறார்கள், நல்ல விஷயம். நாம் சுற்றி நின்று போனில் படம் பிடிக்கிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவை, இரண்டு ராத்திரி, ஆடி எழுதுகிற ஒரு முகாமைப் பழவேற்காட்டில் நடத்தட்டுமே. தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் பொன்னேரி, அங்கிருந்து பஸ். ஒரு பள்ளிக்கூடம், பாய், மூன்று வேளைச் சோறு போதும். குளிர்காலத்தில் ஏரிக்குப் பூநாரைகள் வரும். இரை தேடும்போது அவை தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஒரே இடத்தில் காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கலக்கும். அதைவிட நல்ல வாத்தியார் எந்த முகாமிலும் கிடைக்க மாட்டார். நடத்துகிறவர்கள் மாநகராட்சியோ, பண்பாட்டுத் துறையோ, அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்களே பாதிக் கட்டணத்திலோ, யாராக இருந்தாலும் சரி. மூக்குப்பொடிக்காரர் ஒருவரை நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

அதுவரை ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மாடியில் நடக்கும். சாவி குடியிருப்புச் சங்கத்துச் செயலாளரிடம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் யாரும் குதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தருகிறார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் மாடி கிடையாது. பக்கத்தில் மாநகராட்சிச் சமூக நலக்கூடம் ஒன்று முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் பூட்டியே கிடக்கிறது. இரண்டு மணி நேரம் திறந்துவிட்டால் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிக்னல்மேன்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.