வேதநாயக சாஸ்திரியார் நினைவு நாள்

அனைவருக்கும் தோத்திரம். வரும் ஜனவரி 24 தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நினைவு நாள். கீர்த்தனைக்காரராக எல்லாருக்கும் தெரியும், வாத்தியாராகத்தான் பலருக்குத் தெரியாது. 12 வயதில் ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்கு வந்தவர், 19 வயதில் அங்கேயே தலைமையாசிரியர் ஆனார். அவர் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியைப் புரட்டிப் பாருங்கள்: பக்திப் பாட்டுக்கு நடுவே பூமி சூரியனைச் சுற்றுவதையும், உலக நாடுகளையும் பாடமாக நுழைத்திருப்பார்! சபையில் சாதி வேற்றுமை கூடாதென்ற மிஷனரிகளை அவர் எதிர்த்தார் என்பதும் உண்மை. அதையும் பேசுவோம், மழுப்ப வேண்டாம்.

அன்று மாலை ஆராதனை முடிந்ததும் அவருடைய கீர்த்தனைகள் மட்டும் பாடுகிறோம். புத்தகம் கொண்டு வாருங்கள். அப்புறம், ஆர்மோனியம் வாசிப்பவர் யாரென்று நாளைக்குள் இங்கே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஆள் தேட முடியாது.