வண்ணப்படம் மட்டும் போதாது, பிழை வரைபடமும் வேண்டும்

எங்கள் பல்கலைக்கழகத் தரவு மையத்தின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஹீலியோஸ்பியர் (சூரியக் காற்று சூரியனைச் சுற்றி உருவாக்கும் பெருங்குமிழி) வரைபடங்களை மெருகேற்றிய வண்ணப்படங்களாக மட்டுமே மாணவர்களுக்கு வழங்கும் உங்கள் வழக்கத்தைப் பற்றி முன்பே முறையிட்டிருக்கிறோம். சென்ற பருவத்தில் நடந்ததற்குப் பிறகு இதைப் பொதுவில் எழுத வேண்டியதாயிற்று.

2008 அக்டோபரில் ஏவப்பட்ட நாசாவின் ஐபெக்ஸ் விண்கலம், முழு வானத்தையும் வருடி முடிக்க ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறது என்பதும், அது பிடிப்பது ஒளியை அல்ல, ஹீலியோஸ்பியரின் எல்லைப் பகுதியிலிருந்து வரும் ஆற்றல்மிக்க நடுநிலை (மின்னூட்டமற்ற) அணுக்களை என்பதும் நீங்கள் அறியாததல்ல. பூமியின் காந்தமண்டலம் குறுக்கிட்ட நேரங்களைக் கழித்தால் சில திசைகளில் மிஞ்சுவது சொற்பமே. ஒரு பிக்சலில் 9 அணுக்கள் பதிவாகி, அவற்றில் 6 பின்புல இரைச்சல் என்று கொண்டால், மீதி 3. தற்செயலாகப் பதிவாகும் எண்ணிக்கைகளுக்கான பாய்சான் கணக்குப்படி, ஐயத்தின் அளவான 9-இன் வர்க்கமூலமும் 3. உண்மைச் சைகை எவ்வளவோ, ஐயமும் அவ்வளவே. உங்கள் படமோ அந்தப் பிக்சலுக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கடன் வாங்கி, அழகாக ஆரஞ்சு நிறம் பூசிவிடுகிறது.

அப்படிப் பூசிய இடத்தில் தெரிந்த ஒரு கிளையை, 2009-இல் அறிவிக்கப்பட்ட நாடாவின் (வானில் வளைந்து செல்லும், இவ்வணுக்கள் மிகுந்து வரும் பட்டையின்) தொடர்ச்சி என்று நம்பி, ஒரு முதுநிலை மாணவி தம் ஆய்வேட்டில் பாதியை எழுதினார். பொதுக் காப்பகத்திலிருந்து மூல எண்ணிக்கைகளை எடுத்து, அண்டைப் பிக்சல்களோடு கலந்து மென்மையாக்கும் அகலத்தைச் சற்றுக் குறைத்ததும் அந்தக் கிளை காணாமல் போயிற்று. ஆய்வேட்டின் அந்தப் பாதியும் போயிற்று.

மென்மையாக்குவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. கருவியின் பார்வை ஏறத்தாழ 7 பாகை அகலத்துக்கு மங்குவதால், ஏதேனும் ஒரு புள்ளியியல் மாதிரி இல்லாமல் வரைபடமே இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் உருவாக்கிய தீசியஸ் முறை, அந்த மங்கலை நீக்குவதோடு மதிப்பீட்டின் ஐயத்தையும் சேர்த்தே தருகிறது. அதைத்தான் கேட்கிறோம்: ஒவ்வொரு வரைபடத்துடனும் எண்ணிக்கை, பார்த்த நேரம், பின்புலம், பிழை வரம்பு ஆகிய நான்கையும் பிக்சல் வாரியாகக் கொடுங்கள்.

கோப்பு பெரிதாகிவிடும் என்ற உங்கள் பதில் வியப்பளித்தது. வரவேற்பறைச் சுவரை அலங்கரிக்கும் ஆளுயரப் படத்துக்கு இடம் இருக்கிறது. எண்களுக்கு மட்டும் இல்லை போலும். கடுமைக்குப் பொறுத்தருள்க. 2025 செப்டம்பரில் ஐபெக்ஸின் வாரிசான ஐமேப் விண்கலம் ஏவப்பட்டுவிட்டது. அதன் வரைபடங்களையும் மாணவர்கள் உங்களிடமிருந்துதான் பெறப்போகிறார்கள். அடுத்த பருவம் தொடங்குமுன் பிழை வரைபடங்களையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
புள்ளியியல் துறை ஆசிரியர் ஒருவர்