சோம்பேறி என்று எழுதிய வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் தசைச்சிதைவு நோய் பற்றிய கட்டுரை படித்தேன். "ஊட்டிவிடுவது, தலை வாருவது என்று எல்லாவற்றையும் பெற்றோரே செய்து பிள்ளைகளைச் சோம்பேறியாக்குகிறார்கள், விடாமல் உடற்பயிற்சி செய்ய வைத்தால் எழுந்து நடப்பார்கள்" என்று அதில் ஒரு வரி. உங்களுக்குத் தெரியாததா? தெரிந்துதான் போட்டிருப்பீர்கள். பதினைந்து வருடமாகப் பெற்று வளர்க்கிற எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

ஏற்காட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு அந்த நோயில் டுஷேன் என்கிற வகை. ஐந்து வயதில் அவனுக்குப் பேன்ட் தைத்தபோது இடுப்பு சரியாக இருந்தது, கெண்டைக்காலில் மட்டும் துணி பிடித்தது. "கால் நல்லா உருண்டு திரண்டு இருக்கும்மா, கவலையே வேண்டாம்" என்றார் அப்போது பார்த்த டாக்டர். தரையில் உட்கார்ந்தால் முட்டியில் கை ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பு மேலேயே ஏறுகிற மாதிரிதான் எழுவான். அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. தசை சிதைவதைக் காட்டிக்கொடுக்கும் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுக்க இன்னொரு டாக்டர் வாய்ப்பதற்குள் இரண்டு வருடம் போய்விட்டது.

முதலில் மாடிப்படி போனது. அப்புறம் தரையிலிருந்து எழுவது. ஸ்டீராய்டு மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போட்டும், பதினோரு வயதில் நடை நின்றது. அதோடு முடிந்தது என்று ஊர் நினைக்கிறது. அதற்குப் பிறகுதான் கை. தலைக்கு மேல் கை போகாததால் சீப்பு இருக்கும் இடத்துக்குத் தலையைக் கொண்டுவந்து வாரிக்கொண்டான். டம்ளர் என்றால், வலது முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் அதை ஏந்தி, கடைசி இரண்டு அங்குலத்துக்குக் குனிந்து குடிப்பான். போன தையிலிருந்து அதுவும் இல்லை, ஸ்ட்ராதான். விரல்கள் மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. செல்போனில் சதுரங்கம் ஆடி என்னைத் தினமும் தோற்கடிக்கிறான். இவனா சோம்பேறி?

டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாத தசை அது. கடும் பயிற்சி கொடுத்தால் இன்னும் நைந்துபோகும். மூட்டு இறுகாமல் இருக்கக் கணுக்காலை மெல்ல நீட்டிவிடச் சொல்லித்தந்தார்கள், செய்கிறேன்.

என் ரத்தத்திலிருந்து வந்த நோய் என்றார்கள் சொந்தக்காரர்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தாயிடமிருந்து வராமல் புதிதாகவே இந்த மரபணுப் பிழை உண்டாகிறது என்று எந்தக் கல்யாண வீட்டில் போய்ச் சொல்வது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச்சிதைவுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் ஊனச் சான்றிதழுக்காக முதல் முகாமுக்குப் போனபோது "நடக்கிறானே" என்று ஊனச் சதவீதத்தைக் குறைத்தே போட்டார்கள். அது மாறாத ஊனம் போல! இப்போது சான்றிதழை மறுபடி எடுத்துவரச் சொல்கிறார்கள், அந்த அலுவலகமும் மாடியில். சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் அவன் ஒரு பக்கம் சாய்வான், நெற்றியைப் பிடித்தபடியே நான் வருவேன். "இவ்வளவு பெரிய பையனை மடியில வெச்சிருக்கியே" என்று ஒரு கண்டக்டர் கேட்டதும் உண்டு.

இதையெல்லாம் மூன்று வருடம் முன்பே உங்களுக்கு எழுதினேன், வரவில்லை. கோடை விழா நாய்க் கண்காட்சிக்கு அரைப் பக்கம் வந்திருந்தது. இடம் இருந்திருக்காது, புரிகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரி தவறு என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்திலேயே போட்டால் உதவியாக இருக்கும். அவன் முதலில் விரிக்கச் சொல்வது அந்தப் பக்கத்தைத்தான். தாளைப் புரட்ட என்னைத்தான் கூப்பிட வேண்டும், அந்த நேரம் நான் மிஷினில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஏற்காடு