பெயர்ப் பதிவேட்டை மீண்டும் வாசித்த நாள்

யாழ்ப்பாணம்
28.01.2018

அன்பின் நண்பருக்கு,

இங்கு அனைவரும் நலம். உமது நலத்தையும் வீட்டாரின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். மார்கழியில் நீர் எழுதிய கடிதம் தைப்பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. மயிலிட்டிக்குப் போனேனா, அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது, நம் வாசிகசாலைக்காரர்களில் யார் யார் அகப்பட்டார்கள் என்று கேட்டிருந்தீர். தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வாசிகசாலை உறுப்பினர் 58 பேருடைய செய்தியைத் தொலைபேசியில் சொல்லப் புகுந்தால், பாதி வழியில் உமக்குக் குரல் அடைக்கும், நானும் மீதியைச் சொல்லாமல் விட்டுவிடுவேன். ஆகையால் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய 54 ஏக்கர் நிலமும் கடந்த ஆண்டு ஜூலை 3ஆம் திகதி இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டதை நீர் அறிவீர். 1990ஆம் ஆண்டு ஜூன் மாத நடுவில், இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில் அடுப்பில் வைத்த உலையைக்கூட இறக்காமல் வெளியேறியவர்கள், 27 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மண்ணில் கால் வைத்தோம். நான் போனது இரண்டாவது வாரத்தில். எங்கள் ஒழுங்கை எது, உங்கள் வளவு எது என்று எனக்கு மட்டுப்பிடிக்க முடியவில்லை. பல வீடுகள் தரையோடு தரையாகியிருந்தன. வேலி இல்லாத நிலத்தில் எல்லையும் இல்லை. தம் கிணற்றைக் கண்டுகொண்டவர்கள் அங்கிருந்து காலடி எண்ணிக் குசினி இருந்த இடத்தையும், குசினியிலிருந்து முற்றத்தையும், முற்றத்திலிருந்து படலையையும் குறித்தார்கள். கிணறு தூர்ந்துபோனவர்களால் அதுவும் இயலவில்லை. அவர்கள் பக்கத்து வளவுக்காரர் வரும்வரை காத்திருந்தார்கள். ஒருவர் தம்முடைய நிலத்தைத் தனியே கண்டுபிடிக்க முடியாமல் தவித்ததையும், அயலவர் இருவர் சேர்ந்து நின்று பேசியபோது எல்லை தானாகத் தெரிந்ததையும் நான் அன்று பல இடங்களில் கண்டேன். வாசிகசாலைக்காரர்களை ஒன்றுகூட்ட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் தோன்றியது.

வாசிகசாலையின் சுவர்கள் இல்லை, கூரை இல்லை. நிலம் மட்டும் இருக்கிறது. காங்கேசன்துறை ஆலைச் சீமெந்து என்று நம் தலைவர் பெருமையாகச் சொல்லிப் போடுவித்த அந்த நிலத்தில் இரண்டு இடங்களில்தான் வெடிப்பு விழுந்திருக்கிறது. வேப்பங்கன்றுகள் அந்த வெடிப்புகளின் வழியே மரமாகியிருக்கின்றன. மேற்கு மூலையில், பத்திரிகை மேசை இருந்த இடத்தில் நான் சிறிது நேரம் நின்றேன்.

உமக்கு நினைவிருக்கும், 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான பின்னர், நாம் இருவரும் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் சேர்த்தோம். ஊருக்கு ஒரு பெரிய நூலகம் இல்லாமற் போனால் ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு சிறிய அலுமாரியாவது இருக்கட்டும் என்பது உமது வாதம். அப்படிச் சேர்த்த புத்தகங்களில் ஒன்றையும் 1990இல் என்னால் எடுத்துவர முடியவில்லை. கையில் அகப்பட்டது உறுப்பினர் பதிவேடு மட்டும். நீலக் கட்டமிட்ட அந்தக் கொப்பியில் வரிசை எண், பெயர், வீட்டுக் குறிப்பு, சேர்ந்த நாள், கொண்டுபோன புத்தகம் என்று நீரும் நானும் மாறி மாறி எழுதிய பக்கங்கள் உள்ளன. 1988இல் நீர் கனடாவுக்குப் புறப்பட்ட வாரத்தில் ஒரு புத்தகம் எடுத்துப் போனதும், அது திரும்பி வராததும்கூட என் கையெழுத்தில் பதிவாகியிருக்கின்றன.

நீர் போன பின்னர் வந்த ஆண்டுகளை உமக்குத் துண்டு துண்டாகத்தான் எழுதியிருக்கிறேன். 1990 ஜூனில் ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது. அதற்குப் பிறகு நம் ஊர்க்காரர் ஒருவர் இன்னொருவரைப் பற்றி அறிய வேண்டுமானால் நேரில் கண்டவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் இரவில் லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசையை வானொலியில் கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். தாள் கிடைக்காதபோது பத்திரிகைகள் பள்ளிப் பிள்ளைகளின் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்திய விளக்கில் அந்தக் கோடுகளுக்கு மேல் அச்சிட்ட எழுத்தை வாசித்த கண்கள் பலவற்றுக்கு இன்று கண்ணாடி தேவைப்படுகிறது. உலகத்துச் செய்தி இப்படி எப்படியாவது எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. தென்னாபிரிக்காவில் மண்டேலா ஜனாதிபதியானதை நான் மறுநாளே அறிந்தேன். நம் கடற்கரை வீதியில் மூன்றாவது வீட்டுக்காரருக்குப் பேரன் பிறந்ததை அறிய எனக்குப் பதினாறு ஆண்டுகள் சென்றன.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவில் வலிகாமம் முழுவதும் எழுந்து, மழையில் நனைந்தபடி, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்திருந்த நம் ஊர்க்காரர் மீண்டும் சிதறினார்கள். சிலர் வன்னிக்குப் போனார்கள், சிலர் மறு ஆண்டு திரும்பி மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் தங்கினார்கள், சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பதிவேட்டை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி உடுப்போடு உடுப்பாகக் கொண்டு நடந்தேன். அதை ஏன் சுமக்கிறீர்கள் என்று என் மனைவி ஒருமுறைதான் கேட்டாள். பிறகு அவளே அதற்கு ஒரு துணியுறை தைத்தாள்.

பாதைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2002 ஏப்ரலில் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்று வன்னிக்குப் போய், பதினொரு பேரைக் கண்டு வந்தேன். 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடியது. போர் முடிந்த பின் வீதி திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2015 தொடக்கத்தில் ரயில் காங்கேசன்துறை வரை ஓடியது. ஒவ்வொரு பாதை திறக்கும்போதும் நம்மில் சிலர் சிலரைக் கண்டுகொண்டோம். ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒருவரையொருவர் பார்க்க வழியில்லாமல் இருந்தது. முகாமில் சந்திப்பதும், கலியாண மண்டபத்தில் சந்திப்பதும், கொழும்பில் கோயில் வாசலில் சந்திப்பதும் பிறருடைய இடத்தில் சந்திப்பதுதானே. அங்கே நலம் விசாரித்துவிட்டு நேரமாகிவிட்டது என்று பிரிவோம். (தமிழோசை சென்ற ஆண்டு ஏப்ரல் மாத முடிவோடு வானொலியில் நின்றுவிட்டது. நம் கடற்கரை திறக்க இன்னும் இரண்டு மாதமே இருந்த வேளை அது. மயிலிட்டி விடுபட்ட செய்தியை அந்தக் குரலில் கேட்டிருந்தால் எங்கள் தலைமுறைக்கு மனம் நிறைந்திருக்கும்.)

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, ஜனவரி 21ஆம் திகதி கூடினோம். தகரக் கொட்டகை ஒன்று போட்டுப் பனையோலைப் பாய் விரித்தோம். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஏழு மணிக்கே வந்து நின்றவர்கள் இருந்தார்கள். சிலர் கொழும்பிலிருந்து ரயிலில் காங்கேசன்துறையில் இறங்கி வந்தார்கள். பேச்சாளர், மாலை, பொன்னாடை ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். நான் பதிவேட்டைத் திறந்து வரிசை எண் 1இலிருந்து பெயர்களை வாசித்தேன். வந்திருப்பவர் எழுந்து தாம் இருந்த இடங்களையும் வீட்டாரின் நிலையையும் சொல்ல வேண்டும், வராதவரைப் பற்றி அறிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தேன். பிற்பகல் மூன்றரை மணிக்குத்தான் 58ஆம் எண்ணுக்கு வந்தேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நேரில் வந்தவர்கள் 17 பேர். வெளிநாடுகளில் இருப்பவர்கள் உம்மைச் சேர்த்து 14 பேர். நாட்டில் வேறிடங்களில் இருந்தும் வர இயலாதவர்கள் 6 பேர். காலமானவர்கள் 16 பேர். ஒரு தகவலும் இல்லாதவர்கள் 5 பேர். அவர்களில் இருவரை 2009இல் வன்னியில் கடைசியாகக் கண்டதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுடைய பெயர்களை வாசித்தபோது நான் இறந்தோர் பக்கத்தில் எழுதவில்லை. எழுதும்படி ஒருவரும் கேட்கவுமில்லை.

காலமான 16 பேரில் 9 பேருடைய மறைவு கூட்டத்தில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வரிசை எண் 14, வலைவாடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர், முல்லைத்தீவில் 2004 சுனாமியில் போய்விட்டார். அவருடன் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பெயரை வாசித்ததும் “அவன் இன்னும் வரவில்லை, மத்தியானத்துக்குள் வந்துவிடுவான்” என்று அவர் சொன்னார்; பக்கத்திலிருந்தவர் மெல்லக் கையைப் பிடித்து விபரம் சொல்லும் வரை அவர் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் எல்லாரும் ஒருவரைப் பற்றி ஒருவர் 1990ஆம் ஆண்டுக் கணக்கைத்தான் இத்தனை காலமும் மனத்தில் வைத்திருந்தோம். அந்தக் கணக்கில் ஒருவரும் சாகவில்லை, ஒருவருக்கும் நரைக்கவில்லை.

ஒன்றை உமக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். வரிசை எண் 27ஐ உமக்கு நன்றாகத் தெரியும், நமக்குக் கரம் போர்ட் விளையாடக் கற்றுத் தந்தவர். அவருடைய மனைவி 1997இல் வன்னியில் காய்ச்சல் கண்டு இறந்தார். அதை அவர் எழுந்து இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் கோணப்புலம் முகாமிலிருந்து வந்திருந்த ஒரு ஆச்சி, எண்பது வயதுக்கு அணித்தாக இருப்பார், தடியை ஊன்றி எழுந்து நடந்து வந்து அவருக்கு முன்னால் பாயில் அமர்ந்து, “துக்கம் விசாரிக்க வந்திருக்கிறேன், தம்பி” என்றார். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, சிறு வயதில் தன் முற்றத்தில் அவள் விளையாடியதைச் சொல்லி, முறைப்படி ஒப்பாரி வைத்தார். செத்த வீட்டில் கேட்க வேண்டிய ஒப்பாரியை இருபது ஆண்டுகள் கழித்து, கூரையில்லாத வாசிகசாலையில் கேட்டோம். ஒருவரும் அசையவில்லை. 27ஆம் எண்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இத்தனை வருசத்தில் இதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை, ஆச்சி” என்றார்.

மனைவிக்குரிய அந்தியேட்டிக் கிரியையைக் கீரிமலையில் செய்ய முடியாமற் போனது அவர் மனத்தில் முள்ளாகவே இருந்திருக்கிறது. பாதை அடைபட்டிருந்த அந்த ஆண்டில் முல்லைத்தீவுக் கரையில்தான் சாம்பலைக் கரைத்தார். மறுநாள் விடியற்காலையில் நாங்கள் ஆறு பேர் அவருடன் கீரிமலைக்குப் போனோம். கேணியில் முழுகி, கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். ஐயர் ஒருவர் மந்திரம் சொன்னார். திரும்பும் வழியில் அவர் நிறையப் பேசினார், பழைய உதைபந்தாட்டப் போட்டிகளைப் பற்றியெல்லாம்.

மகிழ்ச்சியான செய்திகளும் இருந்தன. வரிசை எண் 8உம் 33உம் வெள்ளவத்தையில் இரண்டு தெரு இடைவெளியில் எட்டு ஆண்டுகள் இருந்தும் ஒருவரையொருவர் அறியவில்லை. இனி ஞாயிறுதோறும் சந்திக்கப் போகிறார்களாம். மத்தியானத்துக்கு மயிலிட்டிக் கரையில் அன்று இறங்கிய மீனிலேயே ஒடியற்கூழ் காய்ச்சினோம். பனையோலைப் பிளாவில் வார்த்துக் குடித்தபோது சத்தமே இல்லை. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஓரத்தில் நின்று, தகப்பன்மார் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம் தகப்பனுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்ததே அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னும் நிறைய நிலம் வேலிக்குள்தான் இருக்கிறது. பலாலிப் பக்கத்தார் கூட்டத்துக்கு வந்து, எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊரைப் பற்றி ஒன்றும் பேசாமல் போனார்கள். விடுபட்ட இடத்திலும் வீடு கட்டப் பணமுள்ளவர்கள் குறைவு. பல குடும்பங்கள் பகலில் வந்து வளவைத் துப்புரவாக்கிவிட்டு இரவுக்கு முகாமுக்கே திரும்புகின்றன. ஆகவே எல்லாம் நிறைவேறிவிட்டது என்று நீர் அங்கே ஒருவருக்கும் சொல்லிவிட வேண்டாம்.

இனி ஒரு புதிய பதிவேடு தொடங்கியிருக்கிறோம். ஒருவருக்கு ஒரு பக்கம் அல்ல, நான்கு பக்கம். 1990 ஜூனிலிருந்து எங்கெங்கு இருந்தார், யார் யார் பிறந்தார்கள், யாரை எங்கே எரித்தோம் அல்லது அடக்கம் செய்தோம் என்பதை அவரவர் கையால் எழுத வேண்டும். எழுத முடியாத ஆச்சிக்கு அவருடைய பேத்தி எழுதினாள். அடுத்த கூட்டம் சித்திரைப் புதுவருடத்துக்கு அடுத்த ஞாயிறு. உமக்குரிய நான்கு பக்கங்களை அதற்கு முன் எழுதி அனுப்பும். உம் தாயாரின் இறுதிக் காலத்தைப் பற்றி விரிவாக எழுதும். அவரைப் பற்றிக் கேட்டவர்கள் ஐந்தாறு பேர், எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு தகவலும் இல்லாத ஐவரில் மீதி மூவர் வரிசை எண் 23, 41, 52. 41ஆம் எண்காரரை ஸ்காபரோவில் ஒரு மளிகைக் கடையில் கண்டதாக 1999இல் நீர் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர். அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் கடை இன்னும் இருந்தால் அங்கே விசாரித்துப் பாரும். அவருடைய தமக்கை இங்கே தெல்லிப்பழையில் இருக்கிறார், கூட்டத்தன்று மூன்றரை மணி வரை அந்தப் பெயருக்காகவே காத்திருந்தார்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்