நீல முகங்கள் பற்றி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. வேலை மாறியதில் மாலை நேரம் உனக்கென்று மிஞ்சுகிறது என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். என் முதுகுவலிதான் விட்டபாடில்லை.

புகைப்படத்தின் நிறங்களைப் படிக்க நீ எழுதும் நிரலில் முகமெல்லாம் நீலமாக வருகிறது என்று புலம்பியிருந்தாய். ஓபன்சிவி என்ற ஆயத்த நிரல் நூலகத்தில்தானே படத்தை ஏற்றுகிறாய்? அது ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது படத்தின் ஒவ்வொரு சிறு புள்ளிக்கும், நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் எண்களைத் தரும். மற்ற நூலகங்களில் பெரும்பாலும் சிவப்புதான் முதலில். அப்படியே எடுத்து வேறொன்றில் காட்டினால் தோல் நிறம் நீலமாகத்தான் போகும். ஒரே வரியில் மாற்றிவிடலாம், கவலைப்படாதே. அப்புறம், கோப்பின் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் அது அங்கேயே நிற்காது. வெறுமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். நிரல் நாலு வரி தள்ளிப் போய் விழும். எனவே ஏற்றியதுமே படம் வந்ததா என்று பார்த்துவிடு.

இடத்தைக் குறிப்பதிலும் ஒரு வம்பு உண்டு. ஓபன்சிவி தரும் எண் அட்டவணையில் மேலிருந்து எத்தனையாவது வரிசை என்பதை முதலில் சொல்ல வேண்டும். பில்லோ என்ற இன்னொரு பட நூலகத்தில், ஒரு புள்ளியின் நிறத்தைக் கேட்கும் கெட்பிக்சல் கட்டளையில், இடமிருந்து எத்தனையாவது என்பதுதான் முதலில். சதுரப் படத்தில் சோதித்தால் இந்த வித்தியாசம் பிழையாக வெடிக்காது, தப்பான நிறத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, கைப்பேசியில் எடுத்த படத்தை ஓபன்சிவி தானாகவே நிமிர்த்திவிடும், பில்லோ நாம் சொன்னால்தான் நிமிர்த்தும்.

நீ கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்குப் பிடித்தது: கண்ணுக்குப் பளிச்சென்று சிவப்பாகத் தெரியும் இடத்தில், சிவப்பு முதலில் வரும் வரிசையில் சுத்தச் சிவப்பான 255, 0, 0 ஏன் கிடைக்கவில்லை? உன் படம் ஜேபெக், அதாவது கோப்பைச் சிறிதாக்கக் கொஞ்சம் தகவலை விட்டுவிடும் வடிவம். அது வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே பிரித்து வைக்கும். நம் கண்ணுக்கு நிறத்தில் நுணுக்கம் குறைவு என்பதால், பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல்தான் மிஞ்சும். அதன் மேல் 8×8 கட்டங்களாக வெட்டிச் சுருக்கவும் செய்கிறது. ஆகவே வெள்ளைத் தாளில் உள்ள சிவப்பு எழுத்தின் விளிம்பில் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்து கிடக்கும். சரியாக அதே எண்ணைத் தேடாதே, எவ்வளவு நெருக்கம் என்று பார். எண் பிசகவே கூடாதென்றால் ஆரம்பத்திலிருந்தே, எதையும் இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜி வடிவில் சேமித்த படம் வேண்டும். ஜேபெக்கைப் பிஎன்ஜியாக மாற்றினால் போனது திரும்பாது.

சராசரி நிறம் எடுக்கும்போது கூட்டலில் கவனமாக இரு. எண் கணக்குக்கான நம்பை நூலகத்தின் 8 பிட் எண்களில் 200-உம் 100-உம் சேர்ந்தால் 44 வரும், ஏனென்றால் 255-க்கு மேல் இடமில்லாமல் மறுபடி 0-இலிருந்து எண்ணத் தொடங்கும். வேகம் போதவில்லை என்றாயே, 4000×3000 படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். அதை ஒவ்வொன்றாகச் சுழற்றினால் அப்படித்தான் இழுக்கும். முதலில் சிறிதாக்கிக்கொள், மொத்த நிறம் அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சிவப்பெழுத்துப் படத்தை எனக்கும் அனுப்பு. அரட்டைச் செயலியில் வேண்டாம், அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும். மின்னஞ்சலில் இணைத்துவிடு.

அன்புடன்,
சேகர்